ஃபொராமினிஃபெரா: 'துளையுடலி' வேண்டாம், 'அறைத்துளையி' ஆகுமா?

அன்பர்களே, வணக்கம். ஃபொராமினிஃபெரா என்பவை ஓடுள்ள ஒற்றைச் செல் உயிர்கள். நம்முலைட்டிஸ் அவற்றுள் காசு போன்ற ஓடுள்ள, பாறைகளில் புதைபடிவமாகக் கிடைக்கும் ஒரு பேரினம். இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் இப்படி ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார்:

> ஃபொராமினிஃபெரா = துளையுடலி
> நம்முலைட்டிஸ் = காசுயிரி. சரியா?

முதல் சொல்லிலேயே சிக்கல். துளையுடலி என்றால் நம் பாடநூல்களில் கடற்பஞ்சு. அந்த இடம் ஏற்கெனவே போய்விட்டது.

'துளை'யைக் கைவிட வேண்டாம். எந்தத் துளை என்று பார்த்தால் போதும். 1826இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் தோர்பிஞி இப்பெயரை வைத்தபோது, இவை கணவாய், நாட்டிலஸ் கூட்டத்தைச் சேர்ந்த குட்டி உயிர்கள் என்றே நினைத்தார். நாட்டிலஸ் ஓட்டில் அறைகளை ஊடுருவி ஒரு குழாய் ஓடும். இவற்றில் குழாய் கிடையாது, அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் துளைதான். பெயர் வந்தது அதனால். 1835இல் இன்னொரு பிரெஞ்சு ஆய்வாளர் துஜார்தன் இவை மிக எளிய உயிர்கள், கணவாய்க்கு உறவே இல்லை என்று காட்டிவிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆகவே என் பரிந்துரை: அறைத்துளையி. கணுக்காலி, மெல்லுடலி வரிசையில் இயல்பாக உட்காருகிறது. ஒரே அறை உள்ளவையும் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. லத்தீன் பெயரும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை, யாரும் அதை மாற்றவில்லை.

அடுத்து 'காசுயிரி'. அழகான சொல், ஆனால் பேரினப் பெயராக வேண்டாம். அசிலினா என்ற இன்னொரு பேரினமும் காசு போலத்தான் இருக்கும். இரண்டையும் பிரிப்பது ஓட்டுச் சுருளின் சுற்றுகள் அமைந்த விதம். ஓட்டைக் குறுக்கே அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். வெளிச்சுற்று உட்சுற்றுகளை இருபுறமும் போர்த்தியிருந்தால் நம்முலைட்டிஸ். போர்த்தாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் அசிலினா. மேல்தோற்றத்தை வைத்துத் தமிழில் பெயர் சூட்டினால் மாணவர் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்.

இன்னொன்று, பேரினங்கள் பிரிந்துகொண்டே இருக்கும். காவிரிப் படுகையின் கிரீத்தேசியக் காலப் பாறைகளிலும் கிடைக்கும் குளோபோட்ரங்கானா என்ற அறைத்துளையிப் பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் ஓரத்தில் இரண்டு முகடுகள் இருந்தால் அந்தப் பெயர். ஒன்றே இருந்தால் இப்போது குளோபோட்ரங்கானிட்டா. முன்பு எல்லாம் ஒரே பேரினம். மொழிபெயர்த்திருந்தால் 'வெட்டுருண்டை'க்குப் பிறகு 'குட்டி வெட்டுருண்டை' என்று போக வேண்டியிருக்கும். யார் சகிப்பது? பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் 1801இல் வைத்த நம்முலைட்டிஸ் அப்படியே ஒலிபெயர்ப்பில் இருக்கட்டும்.

'காசு' வீணாக வேண்டாம். கீசா பிரமிடுகளின் கல்லில் இந்த ஓடுகள் மண்டிக் கிடக்கின்றன; வேலையாட்கள் தின்று மிச்சம் விட்ட பருப்பு கல்லாகிவிட்டது என்று ஊரார் சொன்னதைப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அந்தப் பாறையைக் 'காசுச் சுண்ணக்கல்' என்போம்.

தமிழ் அவசியம் தேவைப்படுவது உறுப்புகளுக்கும் வடிவங்களுக்கும். நம்முலைட்டிஸில் ஒரே சிற்றினம் இரண்டு உருவில் வரும்: ஒன்றில் தொடக்க அறை பெரிது, ஓடு சிறிது; மற்றதில் தொடக்க அறை நுண்ணியது, ஓடு பெரிது. பழைய ஆய்வாளர்கள் இரண்டுக்கும் தனித்தனிச் சிற்றினப் பெயர் வைத்துவிட்டார்கள். 'பெருமுதலறை வடிவம்', 'நுண்முதலறை வடிவம்' என்று வைத்தால் குழப்பம் எங்கே வந்தது என்பது பெயரிலேயே தெரியும்.

ஓட்டு ஓரத்து முகட்டுக்கு 'ஓரமுகடு' என்று குறித்திருக்கிறேன். 'விளிம்புவரி' மேலானதா? நிலவியல் படித்தவர்கள் சொல்லுங்கள், அப்புறம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.