கிளட்ச் டிராக்: ‘இழுவை’யா, ‘விடாப்பிடி’யா?

> ‘கிளட்ச் ஸ்லிப்’புக்கு ‘வழுக்கல்’, ‘கிளட்ச் டிராக்’குக்கு ‘இழுவை’ என்று தமிழ்ப் பெயர் வைக்கலாமா?

வழுக்கல் பொருத்தம். மேட்டில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. அதைத்தான் ‘வண்டி இழுக்கவில்லை’ என்கிறோம். அதற்கு நேர் எதிரான பழுதை ‘இழுவை’ என்றால், கிளட்ச் நன்றாக இருக்கிறது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

டிராக் என்பது பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலை (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) விட்டு விலகாத நிலை. ‘விடாப்பிடி’ என்பது என் பரிந்துரை.

> விடாப்பிடி மனிதக் குணமல்லவா? தவிர, கியர் விழவில்லை என்றாலே இந்தப் பெயரைச் சூட்டிவிடுவார்கள்.

குணத்துக்குச் சொன்னாலும் பழுதுக்குச் சொன்னாலும் பொருள் மாறவில்லை. இரண்டாவது கவலை நியாயமானது ஐயா. அதனால் சோதனையையும் விளக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

வண்டி நிற்க, இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, பெடலை முழுக்க மிதித்து ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்கள் சேருமுன் சுற்றுவேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. கிளட்ச் தட்டு சுழற்றும் கியர்பாக்ஸ் உள்தண்டு இன்னும் சுற்றினால் பற்கள் கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு இன்ஜினை அணைத்து எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஓடும்போது மறுத்தது அணைத்ததும் லேசாக விழுந்தால் விடாப்பிடி. அணைத்தும் முரண்டினால் கியர் லிவரின் புஷ், உள்ளே கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் பக்கம் தேட வேண்டும்.

காரணங்கள்: கேபிள் நீண்டு பெடலின் ஃப்ரீ பிளே (வெற்று அசைவு) கூடிப்போவது, ஹைட்ராலிக் லைனில் காற்று, பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரில் தேய்ந்த ரப்பர் கப், துருவேறிய ஸ்ப்லைன் (கிளட்ச் தட்டு நகரும் உள்தண்டின் வரிப்பற்கள்). இரண்டு மூன்று முறை பெடலை அடித்து மிதித்ததும் கியர் விழுந்தால் பழுது ஹைட்ராலிக்கில்தான். கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள், கசிவு இருந்தால் உள்ளே ஈரம் இருக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் தட்டே துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். இந்தச் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான நிலை இல்லை.

> ஓட்டத்தில் இரண்டாவது கியர் மட்டும் கரகரத்தால்?

அது விடாப்பிடி ஆகாது. கிளட்ச் விலகாவிட்டால் ஒரு கியரோடு நிற்காது. ஒரே கியர் என்றால் அதன் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டபுள் கிளட்ச் செய்து, அதாவது நியூட்ரலுக்கு ஒருமுறையும் கியருக்கு மறுமுறையும் பெடலை மிதித்து, இடையே நியூட்ரலில் இன்ஜின் சுற்றைச் சற்று ஏற்றி, கீழிறக்கும்போது சத்தமில்லாமல் விழுந்தால் ஐயம் தீர்ந்தது. இதை ‘ஒத்திசை வளையத் தேய்வு’ என்று தனியாகவே பதியலாம்.