காலை நீட்ட மறுக்கும் அப்பா

உப்பளத்து வீடு:
பெரிய வியாழன் திருப்பலியில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமி (எங்கள் கோவில் பாதிரியார்) பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் அப்பாவின் பெயரையும் வாசித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே இறுக்கம். அப்பாவுக்கு வயது 67. தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது வருடம் உப்பு வாரியவர். குதிகால் வெடிப்பில் ஐம்பது பைசாவைச் செருகினால் நிற்கும். அம்மா இரவுதோறும் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுகிறார்.

காலைக் காட்ட வெட்கப்படுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவல்ல. "நன்மை கொடுக்கிற கை. அது என் காலைத் தொடுவதா?" என்கிறார். திருப்பலியில் சாமி தரும் அப்பத்தைத்தான் நன்மை என்கிறார். இன்றும் கோவில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். சாமியைக் கண்டதும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று சொல்ல எங்கள் தெருவில் அவரை விட்டால் ஆளில்லை. இது தாழ்மையா, வீம்பா? வற்புறுத்தலாமா?

பழைய உபதேசியார்:
தம்பி, வீம்பு என்று அவர் காதில் விழச் சொல்லிவிடாதீர்கள். யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பேதுருவும் இதையேதான் சொன்னார். காலைத் தர மாட்டேன் என்றவர், கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று ஆண்டவர் சொன்னதும், கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொன்னார். பயபக்தி உள்ளவனுக்குத்தான் இந்தச் சங்கடம் வரும்.

இன்னொன்று. 1955-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் திருத்தம் செய்த பிறகுதான் இச்சடங்கு அந்தத் திருப்பலிக்குள்ளேயே வந்தது. உங்கள் தாத்தா தலைமுறையில் இதைக் கண்டவர்கள் குறைவு. அப்பாவுக்குப் பழக்கமில்லாததில் வியப்பில்லை.

எங்கள் பங்குக் கோவிலில் வலது கால் மட்டும்தான். வருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். ஒருவர் பவுடர் பூசிக்கொண்டு வந்தார். தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது!

ஓய்வுநாள் சகோதரி:
நான் அட்வென்டிஸ்ட் சபை. எங்களுக்குத் திருவிருந்துக்கு முன் ஒவ்வொரு முறையும் இது உண்டு. போதகர் எல்லோருக்கும் கழுவுவதில்லை. இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் கழுவிக்கொள்வோம். ஒருமுறை, குழாயடிச் சண்டையில் என்னோடு ஏழு மாதம் பேசாதிருந்தவர் எனக்கு இணையாக வந்தார். அவர் காலை நான் கழுவிவிட்டேன், அது எளிது. என் காலை அவரிடம் நீட்டும்போதுதான் உடம்பு கூசியது. முதலில் வீட்டில் நீங்களே அப்பாவுக்குக் கழுவிப் பாருங்களேன்.

மறைக்கல்வி ஆசிரியை:
2013-இல் போப் பிரான்சிஸ் ரோமில் இளங்குற்றவாளிகளின் சிறைக்கே போய்ப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள். 2016 முதல் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியே மாறிவிட்டது. இரவுதோறும் அந்தக் காலைத் தொடுகிறவர் உங்கள் அம்மா. அவரை யாராவது கேட்டார்களா?

உப்பளத்து வீடு:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவைப் பற்றி எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த வருடத்துக்குச் சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பேதுரு (அப்பாவுக்கு அவர் இராயப்பர்) கதையைச் சொன்னேன். "இராயப்பருக்கு ஆண்டவரே கழுவினார். இவர் சாமிதானே?" என்று மடக்கிவிட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நேற்று இரவு சருவத்தில் வெந்நீர் எடுத்துப்போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு இடது காலை மட்டும் நீட்டினார்.

"வலதை விடு. அது வியாழக்கிழமைக்கு."