சுருக்கமா, அமுக்கமா, மடிப்பா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

இரு உரைகளைத் தனித்தனியாகவும், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியும் கணினியில் சிறிதாக்கி, அந்தக் கோப்புகளின் பருமனைக் கொண்டே உரைகளின் உறவைக் கணிப்பதற்கு ஆய்வாளர்கள் சிலிபிராசியும் விட்டானியும் 2005இல் வெளியிட்ட ‘Normalized Compression Distance’ என்ற அளவையின் பெயரையே இங்கு தமிழாக்க முயல்கிறோம். ஒட்டிய கோப்பின் பருமனிலிருந்து தனிக்கோப்புகளுள் சிறியதன் பருமனைக் கழித்து, பெரியதன் பருமனால் வகுக்க வேண்டும். விடை ஒத்த உரைகளுக்குப் பூச்சியத்தையும் தொடர்பற்றவற்றுக்கு ஒன்றையும் அண்டி நிற்கும்.

‘சுருக்கத் தொலைவு’ எனக்கு உவப்பானதன்று. உரைச்சுருக்கம் என்பது சாரத்தை எடுத்து மீதியை விடுவது. இங்கோ ஓரெழுத்தும் குறையாமல் மூலம் மீள வேண்டும். ‘அமுக்கம்’ தமிழகத்தாருக்குப் பொருந்தலாம். கொழும்பில் பௌதிகம் படிக்கும் மாணவருக்கு அது வளிமண்டல அமுக்கம். வானொலியில் தாழமுக்கம் என்று கேட்டுப் பழகியவர்கள் ‘அமுக்கத் தொலைவு’ என்றதும் வங்காள விரிகுடாவைத்தான் நினைப்பார்கள். ‘நெருக்கல் தொலைவு’ தன்னைத்தானே மறுக்கிறது.

மிகப் பொருத்தமான இணை இலக்கணத்திலேயே உண்டு. ‘பால் குடித்தான்’ என்பதில் தொக்கிய உருபைப் ‘பாலைக் குடித்தான்’ என்று எவரும் விரித்து மீட்கலாம்; இப்படி உருபு மறைந்து நிற்பதே தொகை. ஆனால், ‘தொகுப்பு’ என்ற சொல்லைப் பதிப்பாளரும் கணினியாளரும் ஏற்கெனவே பங்கிட்டுக்கொண்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

ஆகவே ‘மடிப்பு’ என்பதை முன்வைக்கிறேன். முன்பு வந்த எழுத்துத்தொடர் மீண்டும் வரும்போது, எவ்வளவு பின்சென்று எத்தனை எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் zip போன்ற சிறிதாக்கும் நிரல் எழுதிவைக்கிறது. சேலையை மடித்தால் இழை குறைவதில்லை அல்லவா? சாரடர்த்தி (relative density), சார்வேகம் (relative velocity) என்பவற்றைப் பின்பற்றி, விகிதமாக்கப்பட்டதைச் ‘சார் மடிப்புத் தொலைவு’ எனலாம். புவியியலில் மடிப்பு மலைகள் இருப்பது அறிவேன், குழப்பம் வராது.

‘மொழித்தொலைவு’ என்ற நண்பரின் பரிந்துரையை மட்டும் ஏற்க இயலவில்லை. பெனடெட்டோ, காலியோட்டி, லொரேட்டோ ஆகியோர் 2002இல் மனித உரிமைப் பிரகடனத்தின் மொழிபெயர்ப்புகளை இதுபோலவே கணினியில் சிறிதாக்கி மொழிக்குடும்ப மரம் வரைந்தது உண்மையே. ஆயினும், இலங்கை அரசிதழான நம் வர்த்தமானியின் தமிழ், சிங்களப் பதிப்புகளை அப்படியே மடித்தால், ஒருங்குறியில் இரண்டுக்கும் பொதுவான எழுத்து ஒன்றுகூட இல்லாமையால், இரவற்சொற்களும் நிரலின் கண்ணில் படா. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இதே கதிதான். பொது ஒலிபெயர்ப்புக்கு மாற்றாதவரை அளக்கப்படுவது மொழியன்று, எழுதப்பட்ட உரையே. எனவே தேவையான இடத்தில் ‘உரை மடிப்புத் தொலைவு’ என்றே விரித்து எழுதலாம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் உறுப்பினர்