ஊரடங்கு மட்டும்தான் நம்மைக் காத்ததா?

கேள்வி (மன்னார்குடி):
2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் தெருவில் எவருக்கும் கொரோனா இல்லை. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகப் பல மாவட்டங்களில் தொற்று பரவிய பிறகே எங்களுக்கு அச்சம் வந்தது. ஊரை அடைப்பதைத் தவிர, பெருந்தொற்றை ஒரு நாடு தாங்கி நிற்பதற்கு எந்தப் பொதுச் சுகாதார நடவடிக்கை உண்மையில் உதவுகிறது?

மறுமொழி 1 (நாகப்பட்டினம், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்):
ஐயா, ஊரடங்கு நோயை அழிப்பதில்லை. பரவும் வேகத்தைத் தணித்து, படுக்கைகளையும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்ள அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்துக்குள் காய்ச்சல் கண்டவரைக் கண்டறிந்து, அவரோடு பழகியவர்களை வீடு வீடாகத் தேடிச் செல்ல ஆட்கள் முன்கூட்டியே பணியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1939 முதலே பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனைகளைச் சாராத தனித் துறையும் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டபோது, முகாம்களில் குடிநீரில் குளோரின் கலந்தோம், கழிப்பிடங்களைச் சீர்செய்தோம், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டோம். பலரும் அஞ்சிய காலரா வரவில்லை. கொரோனாவின்போது காய்ச்சல் முகாம்களை நடத்தியதும் இதே துறைதான்.

மறுமொழி 2 (பாபநாசம், கிராம சுகாதார செவிலியர்):
அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கூலியை மறந்துவிடக் கூடாது. 2020 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கியபோது, காய்ச்சலை மறைத்துக்கொண்டு வயலில் இறங்கிய பெண்களை நான் அறிவேன். நடவுக் காலம் சில நாள்களே. அதை விட்டால் அடுத்த கூலிக்குக் களையெடுப்பு வரை காத்திருக்க வேண்டும் என்ற நிலையில், "பதினான்கு நாள் வீட்டிலேயே இருங்கள்" என்று வெறுங்கையோடு போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு வழங்கிய 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் பெரிய ஆறுதலாக இருந்தன. நோயுற்றவரின் கூலிக்கு அவை ஈடாகவில்லை. தனிமைப்படுத்தும் ஆணையோடு அந்த நாள்களின் கூலியும் வந்திருந்தால், பலர் தாமாகவே பரிசோதனைக்கு வந்திருப்பார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் பகுதித் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் நெடுநாளாகக் காலியாக இருக்கிறது. யாரிடம் கேட்பது?

மறுமொழி 1:
ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்; நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்புங்கள். மனுவை எழுத நான் உதவுகிறேன்.