நார்வே கரையோரக் கப்பல்: அம்மாவுக்குக் குமட்டுமா?

கோத்தகிரியிலிருந்து வணக்கம். வரும் ஜூனில் அம்மாவை நார்வேக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பெர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கரையோரக் கப்பலில் போக எண்ணம். இந்தக் கப்பல் சேவை 1893-இல் தொடங்கியது. வடக்கே போக மட்டும் ஆறு இரவுகள். 68 வயது வரை மலையிலேயே வாழ்ந்த அம்மா, கடலை ராமேஸ்வரத்தில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். லொஃபோட்டன் தீவுகளின் படத்தைக் காட்டியதும், "மலை கடலிலேயே கால் நனைத்துக்கொண்டு நிற்கிறதே!" என்றார். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே கவலை, குமட்டல். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் ஏறியதுமே எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்துக்கொள்வார். கீழே போய்ச் சேரும்போது பழம் வதங்கிப் போயிருக்கும். கப்பல் பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் செல்கிறது. ஆனால் ஸ்டாட் முனையும், பூடோவிலிருந்து ஸ்டாம்சுண்டுக்குக் கடக்கும் வெஸ்ட்ஃபியோர்டும் திறந்த கடல். வெஸ்ட்ஃபியோர்டைக் கடக்க மட்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: ஜூனில் அங்கே எவ்வளவு ஆட்டம் இருக்கும்? கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் ஆட்டம் குறையும் என்கிறார்கள்; அங்கிருந்து ஜன்னல் வழியே மலை தெரியுமா? முட்டைகூடச் சேர்க்காதவருக்கு வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்குமா? வடகோடியில் அந்த மாதம் சூரியன் மறைவதே இல்லை. வெளிச்சம் நுழையாத திரை அறையில் உண்டா? அம்மாவுக்கு இருட்டில்தான் தூக்கம் வரும்.