‘வொர்க்ஸ்டேஷன் அசெஸ்மென்ட்’: பணிநிலைய ஆய்வா, பணியமைவு மதிப்பீடா?

வணக்கம்.

பிரித்தானியாவின் 1992 காட்சித்திரைக் கருவி விதிகள், நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் உண்டு. தினமும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து திரை பார்ப்பவருக்கு நிறுவனம் ‘வொர்க்ஸ்டேஷன் அசெஸ்மென்ட்’ (திரை, மேசை, நாற்காலி எல்லாம் அவருக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது) செய்தாக வேண்டும். இவ்விதிகள் பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்குகிறேன். இதற்கு ‘பணிநிலைய ஆய்வு’ என்று போடலாமா? திரை வேலைக்கு நடுவே எடுக்கும் ‘பிரேக்’குக்கு ‘ஓய்வு’ என்று எழுதியிருக்கிறேன்.

——

> பணிநிலைய ஆய்வு

இரண்டு சொல்லும் இடறுகின்றன. கணினித் துறையில் பணிநிலையம் என்றால் திறன்மிகு கணினி என்றே பதிந்துவிட்டது. விதியிலோ திரை, விசைப்பலகை, மென்பொருள், மேசை, நாற்காலி, சுற்றியுள்ள வெளிச்சம், இரைச்சல் எல்லாமே அடக்கம். ‘பணியிடம்’ என்றால் காலிப் பணியிடம் நினைவுக்கு வரும். ‘திரைப்பணி’ நேரே கோடம்பாக்கத்துக்குப் போய்விடும். ‘பணியமைவு’ என்கிறேன்.

‘ஆய்வு’ என்றதும் ஆய்வாளர் வீட்டுக்கு வருவாரோ என்ற பயம் வரும். வழக்கமாக ஊழியரே சரிபார்ப்புப் பட்டியலை நிரப்புகிறார். அதற்கான பயிற்சியை முன்பே கொடுத்திருக்க வேண்டும். சிக்கல் தெரிந்தால் விஷயம் அறிந்த ஒருவர் பார்த்துத் தீர்க்கிறார். ‘மதிப்பீடு’ போதும்.

பெரும்பாலும் கோளாறு மடிக்கணினியில்தான். திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். கைக்கு வாகாக இறக்கினால் கழுத்து குனியும். தாங்கி, தனி விசைப்பலகை, மௌஸ் மூன்றும் சேர்ந்தால்தான் தீரும். அவை தேவை என்று மதிப்பீட்டில் வந்தால் செலவு நிறுவனத்துடையது. ஊழியரிடம் வசூலிக்க முடியாது.

——

பணியமைவுக்கு என் ஓட்டு. ஆனால் மின்சாரத்தை அதற்குள் இழுக்க வேண்டாம். நிறுவனம் கொடுத்த சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. சுவருக்குள் ஓடும் வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு பாக்ஸில் இன்னொன்றைச் செருகுவது தனி இடர், அதற்குத் தனித் தலைப்பு கொடுங்கள்.

‘பிரேக்’ என்பதற்கு ‘ஓய்வு’ என்று எழுதியிருப்பதும் பொருந்தவில்லை. விதி கேட்பது திரையிலிருந்து விலகுவது. எழுந்து நின்று போனில் பேசினாலும் கணக்குதான். ‘பணிமாற்று இடைவேளை’ எனலாம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் எடுப்பதைவிட, மணிக்கு 5 முதல் 10 நிமிடம் நல்லது என்பதே அங்குள்ள வழிகாட்டல்.

——

‘பணியமைவு’, ‘மதிப்பீடு’ இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “சாப்பாட்டு மேசையிலிருந்து வேறு அறைக்கு மாறினாலும், கழுத்து வலிக்கிறது என்று ஊழியர் சொன்னாலும், பணியமைவு மதிப்பீட்டை மீண்டும் செய்ய வேண்டும்.” தடையில்லாமல் ஓடுகிறது. ‘ஃபுட்ரெஸ்ட்’டுக்குக் கால்தாங்கியா, பாதப்பலகையா?