பழைய பேரை கெஸ்ட்டுக்குக் கொடுங்க

அத்தை: நம்ம வைஃபை பாஸ்வேர்டு வந்தவங்க போனவங்க சில பேர் போன்லயும் இருக்கு. மாத்திடலாம்னு பார்த்தா டிவி, பல்பு, கேமரா, பிரிண்டர்னு ஒவ்வொண்ணா மறுபடி சேர்க்கணும். நினைச்சாலே மலைப்பா இருக்கு.

அக்கா: ஒவ்வொண்ணா சேர்க்க வேணாம் அத்தை. அதே ரவுட்டர் விருந்தாளிகளுக்குன்னு தனியா கொடுக்கற ரெண்டாவது வைஃபைதான் கெஸ்ட் நெட்வொர்க். இப்ப இருக்கற பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே அதுக்கு வெச்சிடுங்க. மெயினுக்குப் புதுப் பேரு, புது பாஸ்வேர்டு. பல்பு, டிவி எல்லாம் பழைய பேரைத் தேடி தானா கெஸ்ட்ல போய் ஒட்டிக்கும். போன், லேப்டாப் மட்டும் புதுசுல சேருங்க.

அத்தை: பாஸ்வேர்டு தெரிஞ்சவங்களும் அதே கெஸ்ட்ல வருவாங்களே?

அக்கா: வரட்டும். நெட் கிடைக்கும், நம்ம லேப்டாப் கண்ணுல படாது.

சித்தப்பா: ஆனா கேமராவும் அங்கதானே இருக்கு. கெஸ்ட் செட்டிங்ல ரெண்டு பார்க்கணும். ஒண்ணு, உள் நெட்வொர்க்கைத் தொட அனுமதிங்கறது ஆஃப். ரெண்டு, கிளையன்ட் ஐசொலேஷன் இருந்தா ஆன். கெஸ்ட்டுக்குள்ள இருக்கறதே ஒண்ணையொண்ணு தொட முடியாது. கேமராவோட சொந்த பாஸ்வேர்டையும் மாத்திடுங்க, 2016ல கேமரா, ரவுட்டரையெல்லாம் பிடிச்ச மிராய்ங்கற வைரஸ் பரவினதே கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாத்தாததாலதான். பாஸ்வேர்டு ரொம்பப் பேருக்குத் தெரியும்னா குறுக்கு வழி வேணாம், மெயின், கெஸ்ட் ரெண்டுக்கும் புது பாஸ்வேர்டு வைங்க. ஒரு நாள் வேலைதான்.

அத்தை: அவ்ளோ பேர் இல்ல. குறுக்கு வழியே போதும். எங்க ஆரம்பிக்கறது?

அக்கா: லேப்டாப்பை லேன் கேபிள்ல ரவுட்டரோட சேருங்க. வைஃபைல இருந்துக்கிட்டே பேரை மாத்தினா, சேவ் அழுத்தினதும் நீங்களே வெளிய விழுந்துடுவீங்க. அட்மின் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1 இல்ல 192.168.0.1. ரெண்டும் வரலேன்னா போன்ல வைஃபை விவரத்துல கேட்வே இல்ல ரவுட்டர்னு போட்டிருக்கற எண்.

அக்கா: மொதல்ல மெயின் பேரு, அப்புறம்தான் கெஸ்ட். ஒரே பேரு ரெண்டுலயும் இருந்தா சில ரவுட்டர் சேவ் பண்ணவே விடாது. கெஸ்ட்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்ல இருக்கணும், பல்பு பிளக்குக்கெல்லாம் பெரும்பாலும் 5 தெரியாது. பேரை அச்சு அசலா அடிங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து, நடுவுல இருக்கற இடைவெளி உட்பட. போன்ல பழைய பேரை ஃபர்கெட் கொடுக்கணும், இல்லேன்னா அதுவும் கெஸ்ட்டுக்கே ஓடும்.

தம்பி: அக்கா, அப்ப பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுமே? போன்ல இருந்து டிவிக்கு காஸ்ட்டும் போகாது.

அக்கா: காட்டும், போகாது. பிரிவு சரியா இருக்குன்னு அதுக்கு அர்த்தம். பிரிண்டரை மட்டும் மெயினுக்கு மாத்துடா. காஸ்ட்டுக்கு டிவியைக் கண்டுபிடிக்கற எம்டிஎன்எஸ் கூப்பாடு ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி இன்னொண்ணுக்குப் போகாது. டிவியில இருக்கற ஆப்லயே பாரு.

சித்தப்பா: முக்கியமானது ஒண்ணு. நெட் கம்பெனி பாக்ஸுக்குப் பின்னாடி சொந்த ரவுட்டரை ஏபி மோடுல, அதாவது வைஃபையை மட்டும் பரப்பற மாதிரி, வெச்சிருந்தா, பல மாடல்ல கெஸ்ட்ங்கறது வெறும் பேருதான், தடுப்பு வேலை செய்யாது. சோதிச்சுப் பாருங்க. பிரிண்டர் மெயினுக்கு வந்ததும், கெஸ்ட்ல இருக்கற போன் பிரவுசர்ல பிரிண்டரோட ஐபியை, அதாவது நெட்வொர்க்ல அதுக்குள்ள முகவரி எண்ணை, அடிங்க. பிரிண்டர் பக்கம் திறந்தா பிரிவே இல்ல. மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.

தம்பி: பாஸ்வேர்டு அடிக்காம கருவியைச் சேர்க்கற டபிள்யூபிஎஸ் பட்டன் இருந்துட்டுப் போகட்டுமா?

சித்தப்பா: பட்டனைவிட டபிள்யூபிஎஸ்ஸோட பின் நம்பர்தான் வம்பு. 8 இலக்கம், அதுல கடைசி வெறும் சரிபார்ப்பு எண். மிச்சம் 7-ஐயும் ரவுட்டர் முதல் 4, அடுத்த 3-ன்னு தனித்தனியா சரி தப்பு சொல்லும். ஒரு கோடி முயற்சி ஆகவேண்டியது 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000-ல முடிஞ்சுடும். 2011-லயே வெளிவந்த ஓட்டை. பின்னை மட்டும் தனியா அணைக்க முடியலேன்னா மொத்தமா ஆஃப்.

அத்தை: வைஃபை பேரை மறைச்சு வெச்சா?

சித்தப்பா: வேண்டாம். மறைச்சாலும் ஸ்கேன் பண்றவனுக்குத் தெரியும். நம்ம போன்தான் போற இடமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்.

அத்தை: இங்க ரவுட்டர்ல சேர்ந்திருக்கற கருவி லிஸ்ட்ல பேரே இல்லாம ஒண்ணு இருக்கு. டிஏ:3எஃப்:71-னு ஆரம்பிக்குது. யாரோ நுழைஞ்சிருக்காங்களா?

அக்கா: அது மேக் முகவரி, ஒவ்வொரு கருவிக்கும் இருக்கற அடையாள எண். அதுல ரெண்டாவது எழுத்தைப் பாருங்க. 2, 6, ஏ, ஈ இதுல ஒண்ணுன்னா அது கருவியே போட்டுக்கிட்ட முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-ல இருந்து போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரி வெச்சுக்கும். உங்க போன்லயே வைஃபை விவரத்துல மேக் முகவரி என்னன்னு பாருங்க.

அத்தை: அட, என் போன்தான்!

அத்தை: பேரெல்லாம் மாத்திட்டேன். பல்பு, டிவி வந்துடுச்சு. கேமரா மட்டும் வரல.

அக்கா: கெஸ்ட்ல செக்யூரிட்டி என்ன போட்டிருக்கு?

அத்தை: டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்தது.

அக்கா: பழைய கேமரா சிலது அந்தக் கலப்புல தடுமாறும். கெஸ்ட்டுக்கு மட்டும் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் வைங்க, மெயின்ல கலப்பே இருக்கட்டும். கேமராவை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

அத்தை: நீல லைட் எரியுது 👍